பி.எஸ்சி ஜியாலஜி பசங்களும் நிஜமான ஆராய்ச்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பி.எஸ்சி ஜியாலஜி படிக்கிற பசங்க, அவங்க அப்பா அம்மா, வேற காலேஜ்ல பாடம் எடுக்குற நண்பர்கள்னு வருஷா வருஷம் கேக்குற கேள்விகளத்தான் இங்க ஒண்ணா போட்டிருக்கேன். நான் கிழக்குக் கடற்கரை ஓரத்துல ஒரு காலேஜ்ல ஜியாலஜி சொல்லிக் குடுக்குறேன், அதனால கடற்கரை மணல் பத்தின பேச்சு கொஞ்சம் தூக்கலாவே இருக்கும். உள்நாட்டு ஊர்க்காரங்களுக்கும் கீழ பதில் இருக்கு.

ஃபீல்டு ட்ரிப் தான் வருஷா வருஷம் போறோமே, அது ஆராய்ச்சி ஆகாதா?

ஃபீல்டு ட்ரிப் அவசியம், அத யாரும் குறை சொல்ல முடியாது. பல்லாவரத்துல சார்னோக்கைட் பாறைய கையால தொட்டுப் பாக்காம, சாத்தனூர்ல கல்லாப் போன அந்த மரத்து முன்னாடி நிக்காம டிகிரி வாங்குறது பெரிய நஷ்டம். ஆனா அங்க பதில் ஏற்கனவே தெரியும். சார் சொல்வாரு, பசங்க எழுதிக்குவாங்க, ஃபோட்டோ எடுப்பாங்க, ரெக்கார்டுல ஒட்டுவாங்க. ஆராய்ச்சின்னு நான் சொல்றது பசங்களுக்கும் பதில் தெரியாது, எனக்கும் தெரியாது, அளந்து பாத்தா மட்டும்தான் தெரியும்ங்கிற ஒரு கேள்விய அவங்க கையில குடுக்குறது. உதாரணத்துக்கு, நம்ம காலேஜுக்கு நேரா இருக்கிற கடற்கரை போன ஐப்பசி கார்த்திகை மழையில எவ்வளவு மணல இழந்துச்சு, சித்திரைக்குள்ள அதுல எவ்வளவு திரும்ப வந்துச்சு? இதுக்கு எந்த புத்தகத்துலயும் பதில் கிடையாது, கூகுள்லயும் கிடையாது, அந்த மணல்ல போய் நின்னு அளந்தவங்க கிட்ட மட்டும்தான் இருக்கும்.

பி.எஸ்சி பசங்களால பெருசா என்ன பண்ணிட முடியும்? லேப்ல மெஷினே இல்லையே?

இந்தக் கேள்வி ஆசிரியர்கள் கிட்ட இருந்துதான் அதிகமா வருது, எக்ஸ்ஆர்டி (என்ன மினரல்னு காட்டுற மெஷின்) இல்ல, ஐசிபி (எந்தத் தனிமம் எவ்வளவுன்னு காட்டுற மெஷின்) இல்ல, அப்புறம் என்னத்த ஆராய்ச்சின்னு. நான் இத வேற பக்கம் இருந்து பாக்குறேன். பெரிய இன்ஸ்டிட்யூட்ல எல்லா மெஷினும் இருக்கும், ஆனா அவங்க ஒரு ப்ராஜெக்ட் ஃபண்டு முடிஞ்சா வேற எடத்துக்குப் போயிடுவாங்க. ஒரே கடற்கரைய, ஒரே கிணத்த, மாசா மாசம், பத்து வருஷம் பாக்குறதுக்கு அங்க ஆள் கிடையாது. ஒரு அரசு கலைக் கல்லூரிக்கோ எய்டட் காலேஜுக்கோ அது முடியும், ஏன்னா நாம எங்கயும் போகப் போறதில்ல, ஜூன் ஜூலை ஆனா புது பேட்ச் வந்துக்கிட்டே இருக்கும், அதுல பாதிப் பேரு அதே ஊர்க்காரங்களா இருப்பாங்க. ஒரே எடத்துல நீண்ட நாள் அளக்குற வேலைக்கு நம்மளவிட தோதான ஆள் யாருமில்லன்னு நான் உறுதியா நம்புறேன். மெஷின் இல்லாத குறைய வருஷக்கணக்கு டேட்டா ஈடு கட்டும்.

சரி, கடற்கரைன்னா என்ன அளக்கணும்? எப்படி?

கொஞ்சம் விரிவாவே சொல்றேன். கே. ஓ. எமரிங்கிற கடல் ஜியாலஜிஸ்ட் 1961-ல ஒரு முறைய எழுதி வெச்சாரு, இன்னிக்கு வரைக்கும் உலகம் பூரா அத பயன்படுத்துறாங்க. வேண்டியதெல்லாம் ஒரே உயரத்துல ரெண்டு குச்சியும் ஒரு கயிறும். நாங்க ஒன்றரை மீட்டர்ல ரெண்டு பிவிசி பைப் வெட்டி, மேல இருந்து கீழ சென்டிமீட்டர் கோடு போட்டு வெச்சிருக்கோம், நடுவுல ஒன்றரை மீட்டர் கயிறு, ஆயிரம் ரூபாய்க்குள்ள வேலை முடிஞ்சிடும்.

முதல்ல நகராத ஒரு எடம் வேணும். கோயில் படி, பழைய கட்டடத்து மூலை, ரோட்டோர சுவர் மாதிரி ஏதாவது ஒண்ணு, அதுல பெயிண்ட்ல ஒரு புள்ளி. அங்க இருந்து கடலுக்கு நேர் கோட்டுல நடக்கணும். கரைப் பக்கத்துக் குச்சிய பிடிச்சிருக்கிறவர், கடல் பக்கத்துக் குச்சியோட உச்சியும் தூரத்துல கடலும் வானமும் சேர்ற கோடும் ஒரே நேர்ல வர்ற மாதிரி பாக்கணும், அந்தப் பார்வைக் கோடு தன்னோட குச்சிய எங்க வெட்டுதோ அந்த அளவுதான் மணல் எறங்கின உயரம். மணல் மேடா ஏறினா அளவு மாறி விழும், அப்ப தன் குச்சி உச்சியில இருந்து அடிவானத்தப் பாத்து, கடல் பக்கத்துக் குச்சியில படிக்கணும். எழுதுறவர் ஏறினதா எறங்கினதான்னு பிளஸ் மைனஸ் குறிச்சே ஆகணும். அப்புறம் பின் குச்சிய முன் குச்சி இருந்த எடத்துக்குக் கொண்டு வந்து திரும்ப அதேதான், தண்ணி தொடுற வரைக்கும். கடல் வத்தி இருக்கிற நேரம் பாத்துப் போனா நாலஞ்சு மீட்டர் கூடுதலா அளக்கலாம்.

இது முடிஞ்சதும் அந்தக் கோட்டுலயே மூணு எடத்துல மணல் சாம்பிள், ஒரு எடத்துல முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி. குழிச் சுவர்ல கருப்பும் வெளுப்புமா அடுக்கு தெரியும் பாருங்க, அங்கதான் பசங்க முகம் மாறும். அலை பலமா அடிச்ச நாள்ல லேசான குவார்ட்ஸ் மணல் அடிச்சிக்கிட்டுப் போயிடும், கனமான இல்மனைட்டு, கார்னெட்டு மாதிரி மினரல் எல்லாம் பின்தங்கி ஒரு கருப்புப் படுகையா நின்னுடும். அதுக்கு மேல வெள்ளை மணல் மூடியிருந்தா, புயல் போன பின்னாடி கடல் அமைதியாகி மணல் திரும்பி வந்திருக்குன்னு அர்த்தம். இத நான் போர்டுல எத்தனை தடவ வரைஞ்சாலும் அந்தக் குழி சொல்ற அளவுக்குச் சொல்ல முடியாது.

இதெல்லாம் சாட்டிலைட்லயே பாக்கலாமே, வெயில்ல ஏன் அலையணும்?

பாக்கலாம், பாக்கவும் வேணும். லேண்ட்சாட் படம் 1972-ல இருந்து இருக்கு, 2008-ல இருந்து இலவசம். சென்டினல்-2 படம் பத்து மீட்டர் தெளிவுல கிடைக்குது. கரைக்கோடு முப்பது நாப்பது மீட்டர் உள்ள வந்திருந்தா க்யூஜிஐஎஸ்ங்கிற மேப் சாஃப்ட்வேர்ல போட்டு அழகா காட்டிடலாம், அதுவும் நல்ல ப்ராஜெக்ட்தான். சென்னையில இருக்கிற தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் இந்தியக் கரை முழுசுக்கும் இப்படித்தான் கணக்குப் போட்டு, கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு அரிப்புல இருக்குன்னு சொல்லியிருக்காங்க. ஆனா மணல் உயரம் அரை மீட்டர் கொறஞ்சது படத்துல தெரியாது. படத்துல ஒரு பிக்சல்னு பாக்குற அகலம் உங்க ஊர்ல படகு நிறுத்துற முழு எடமா இருக்கும். ரெண்டையும் சேத்து வெச்சுப் படிக்கிற பசங்கதான் நல்லாத் தேறுறாங்க.

இதுல புதுசா கண்டுபிடிக்க என்ன இருக்கு? கடல் அரிப்புன்னு பேப்பர்லயே வருதே?

நம்ம கிழக்குக் கரையில தென்மேற்குப் பருவத்துல அலை மணல வடக்க தள்ளும், வடகிழக்குப் பருவத்துல தெற்க தள்ளும், வருஷக் கணக்குல கூட்டிக் கழிச்சா வடக்க போற மணல்தான் ஜாஸ்தி. நடுவுல ஒரு சுவர் கட்டினா தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் பட்டினி கிடக்கும். சென்னைத் துறைமுகம் கட்டின பிறகுதான் மெரினா இவ்வளவு அகலமாச்சு, அதே நேரம் ராயபுரத்துல இருந்து எண்ணூர் வரைக்கும் கடல் உள்ள வந்துச்சு, இன்னிக்கும் அங்க கல்லக் கொட்டிக்கிட்டேதான் இருக்காங்க. புதுச்சேரியில 1980-கள் கடைசியில துறைமுகச் சுவர் வந்துச்சு, ஊருக்கு முன்னாடி இருந்த மணல் கரை போச்சு, அப்புறம் பல வருஷம் கழிச்சு தண்ணிக்கடியில செயற்கைத் திட்டு வெச்சு கொஞ்சம் கரைய மீட்டாங்க.

இது பெரிய கதை, எல்லாருக்கும் தெரிஞ்சது. ஆனா உங்க ஊர்ல போன வருஷம் போட்ட தூண்டில் வளைவுக்கு (கடலுக்குள்ள நீட்டிக் கட்டுற கல் சுவர்) வடக்க இருநூறு மீட்டர்ல என்ன நடக்குது? அது நவம்பர்ல மட்டும் நடக்குதா, வருஷம் பூரா நடக்குதா? படகு இழுக்க எடம் இல்லன்னு மீனவங்க சொல்றது எந்த மாசத்துல இருந்து? இதுக்குப் பதில் யார் கிட்டயும் கிடையாது. மீனவங்க கிட்ட பேசாம இந்த வேலையில எறங்காதீங்கன்னு நான் பசங்களுக்கு முதல் நாளே சொல்லிடுவேன். வாடைக்காத்து எப்ப எந்திரிச்சது, மணல் எந்தப் பக்கம் போகுதுன்னு அவங்க தினம் பாக்குறவங்க, நாம மாசத்துக்கு ஒரு தடவ போறவங்க. அவங்க சொல்றத நோட்டுல தேதியோட எழுதுங்க, அப்புறம் உங்க அளவோட ஒத்துப் பாருங்க.

எங்க ஊர் தர்மபுரி, கடல் எங்க இருக்கு எங்களுக்கு?

உங்களுக்குக் கிணறு இருக்கு. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீர்ல ஃப்ளோரைடு அதிகம், பல்லுல பழுப்புக் கறை இருக்கிற பிள்ளைகள அந்த ஊர்க்காரங்க எல்லாருமே பாத்திருப்பீங்க. இதுக்குக் காரணம் பாறையிலயே இருக்கு. அங்க இருக்கிற நைஸ், கிரானைட்ல பயோட்டைட்டு, ஹார்ன்பிளெண்டு, அபடைட்டுன்னு ஃப்ளோரைடு வெச்சிருக்கிற மினரல்கள் உண்டு. மழை கம்மியான ஊர்ல தண்ணி பாறை விரிசல்ல ரொம்ப நாள் தேங்கி நிக்கும், தண்ணியில பைகார்பனேட் கூடி கால்சியம் கொறஞ்சா ஃப்ளோரைடு கரைஞ்சு மேல ஏறும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீர்ல லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைக்கும்தான் இருக்கணும், வேற தண்ணியே இல்லாத எடத்துல 1.5 வரைக்கும். இதுக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்துச்சு.

இப்ப பி.எஸ்சி பசங்களுக்கான கேள்வி இதுல இருந்து வருது: திட்டத்துத் தண்ணி வந்த பிறகும் எந்தெந்தக் கிணத்துத் தண்ணி சமையலுக்கும் குடிக்கவும் போகுது, அதுல கோடையில எவ்வளவு, மழைக்குப் பிறகு எவ்வளவு? ஒரு ஒன்றியத்துல இருபது கிணறு தேர்ந்தெடுத்துக்கிட்டாப் போதும்.

நீர்மட்டம் அளக்குறது ரொம்ப சுலபம். டேப் நுனியில அடி குழிவான ஒரு இரும்பு எடையக் கட்டி விட்டா, தண்ணியில பட்டதும் சத்தம் நல்லாக் கேக்கும். படிச்ச அளவுல கைப்பிடிச் சுவர் உயரத்தக் கழிச்சிடுங்க, இத மறந்துட்டு வர்ற டேட்டா ஒண்ணுக்கும் ஆகாது. மோட்டார் ஓடிக்கிட்டிருந்தா நிறுத்தச் சொல்லி மட்டம் ஏறி நிக்கிற வரைக்கும் காத்திருக்கணும். மத்திய நிலத்தடி நீர் வாரியம் வருஷத்துக்கு நாலு தடவ அளக்குறாங்க, ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பர்னு. நீங்களும் அதே மாசத்துல போனா அவங்க டேட்டாவோட ஒப்பிட்டுப் பாக்கலாம்.

தண்ணி சாம்பிள் எடுக்கும்போது பாட்டில அந்தத் தண்ணியிலயே ரெண்டு மூணு தடவ கழுவணும், பிஹெச்சும் (அமிலத் தன்மை) ஈசியும் (உப்பு எவ்வளவுன்னு காட்டுற மின்கடத்தல் அளவு) அங்கேயே பாக்கணும், லேபுக்கு வந்து பாத்தா பிஹெச் மாறியிருக்கும். கேட்டயான் (கால்சியம், சோடியம் மாதிரி பிளஸ் அயனி) பாக்குறதா இருந்தா வடிகட்டி ரெண்டு சொட்டு நைட்ரிக் ஆசிட். முழு அனாலிசிஸ் பண்ணினா கேட்டயான் கூட்டலும் ஆனயான் (மைனஸ் அயனி) கூட்டலும் அஞ்சு சதவீதத்துக்குள்ள ஒத்துப் போகணும், போகலன்னா டேபிள் போடாதீங்க, எங்க தப்புன்னு தேடுங்க. அந்தத் தேடல்ல பசங்க கத்துக்குற கெமிஸ்ட்ரி மூணு வருஷ பாடத்துல வராது.

தண்ணி சரியில்லன்னு தெரிஞ்சா ஊர்ல சொல்லலாமா?

சொல்லாம வரக் கூடாது. ஆனா ஃப்ளோரைடு டெஸ்ட் கிட் வெச்சுப் பாத்த அன்னிக்கே வீட்டுக்காரம்மா கிட்ட "இந்தத் தண்ணி விஷம்மா"ன்னு சொல்லிட்டு வந்துடாதீங்க. முதல்ல ரெண்டாவது சாம்பிள் எடுங்க, அத குடிநீர் வடிகால் வாரியத்தோட மாவட்ட லேபுல கட்டணம் கட்டிக் குடுத்து உறுதி பண்ணுங்க, அப்புறம் ஆசிரியரோட போய் நிதானமா சொல்லுங்க. குடிக்க வேண்டாம், துணி துவைக்க, செடிக்கு ஊத்தத் தடையில்லன்னு தெளிவா. காய்ச்சினா ஃப்ளோரைடு போகாது, தண்ணி சுண்டச் சுண்ட இன்னும் கூடும், இதையும் சேத்து சொல்லணும். கிணத்துக்காரங்க உங்கள நம்பிக் கயிறக் கையில குடுத்தவங்க. ரிசல்ட்ட அவங்களுக்குத் தமிழ்ல ஒரு தாள்ல எழுதிக் குடுக்காத ப்ராஜெக்டுக்கு நான் மார்க் போடுறதில்ல.

ஃபாசில் மேல ஆசை, அரியலூர் போய் தோண்டலாமா?

ஆசை நல்ல ஆசை. காரை பேட்லேண்ட்ஸ்ல நடந்தா பெலம்னைட்டு (தோட்டா மாதிரி இருக்கிற கடல் உயிர் ஃபாசில்) காலடியில கிடக்கும், சிமெண்டு சுரங்கங்கள்ல கிரிட்டேஷியஸ் (டைனோசர் இருந்த காலம்) கடலே தெறந்து கிடக்கு. ஆனா சுரங்கத்துக்குள்ள போக நிர்வாகத்தோட எழுத்துப்பூர்வ அனுமதி வேணும், வெடி வைக்கிற நேரம் கேட்டுக்கணும், செங்குத்துச் சுவருக்குக் கீழ நிக்கக் கூடாது. சாத்தனூர், திருவக்கரை மாதிரி பாதுகாக்கப்பட்ட எடத்துல சுத்தியல வெளிய எடுக்கவே எடுக்காதீங்க, ஒரு சில்லு கூட வேண்டாம்.

எனக்குப் பிடிச்ச பி.எஸ்சி ப்ராஜெக்ட் எதையும் வீட்டுக்கு எடுத்துட்டு வராத ப்ராஜெக்ட். ஒரு ஓடை வெட்டுல அடுக்கடுக்கா சென்டிமீட்டர் கணக்குல லாக் (அடுக்கு வரிசைப் பதிவு) போட்டு, எந்த அடுக்குல எந்த ஓடு, முழுசா இருக்கா உடைஞ்சிருக்கா, எந்தப் பக்கம் திரும்பிக் கிடக்குன்னு எண்ணி எழுதுறது. ஓடு எல்லாம் உடைஞ்சு ஒரே பக்கம் பாத்துக் கிடந்தா அங்க நீரோட்டம் இருந்திருக்கு, சிப்பியோட ரெண்டு மூடியும் ஒட்டி முழுசா இருந்தா அமைதியா புதைஞ்சிருக்கு. அழகான அம்மனைட் (சுருள் ஓட்டு ஃபாசில்) ஒண்ண எந்த அடுக்குன்னு தெரியாம பையில போட்டுட்டு வந்தா அது ஷோகேஸ் பொருள், அவ்வளவுதான்.

கிளாஸ்ல நாப்பது பேர், எல்லாரையும் எப்படி சேக்குறது? நல்லாப் படிக்கிற நாலு பேர மட்டும் வெச்சுக்கலாமா?

தயவுசெஞ்சு வேண்டாம். நாலு டாப்பர மட்டும் கூட்டிக்கிட்டுப் போனா அவங்களுக்கு எப்படியும் வழி இருக்கு, மத்த முப்பத்தாறு பேருக்கு ஜியாலஜின்னா நோட்ஸ் மட்டும்தான்னு ஆயிடும். நாங்க இத ஆப்ஷனல் வேலையா வைக்காம செடிமெண்டாலஜி ப்ராக்டிகல் நேரத்துக்குள்ளயே கொண்டு வந்துட்டோம். அஞ்சு அஞ்சு பேரா பிரிச்சு, ஒவ்வொரு குழுவுக்கும் கடற்கரையில ஒரு கோடு சொந்தம். குச்சி பிடிக்கிறவங்க, படிக்கிறவங்க, எழுதுறவங்க, சாம்பிள் எடுக்குறவங்கன்னு வேலை ஒவ்வொரு தடவையும் மாறணும். இல்லன்னா கையெழுத்து அழகா இருக்குன்னு பொண்ணுங்கள கடைசி வரைக்கும் எழுதவே விட்டுடுவாங்க, இத நான் கவனிச்சுக்கிட்டே இருக்கேன். தியரியில அரியர் வெச்சிருக்கிற பசங்கதான் பல தடவ ஃபீல்டுல கண்ணு கூர்மையா இருக்காங்க, மீனவக் குடும்பத்துல இருந்து வர்ற பசங்களுக்கு அலையப் பத்தி நான் சொல்லிக் குடுக்க ஒண்ணுமே இருக்காது.

பொம்பளப் பிள்ளைய கடற்கரை, காடு கரைன்னு அனுப்ப பயமா இருக்கு...

இந்தப் பயத்த நான் லேசா எடுத்துக்க மாட்டேன். வீட்டுல கேக்க வேண்டிய கேள்விகள் இதெல்லாம்: எந்த எடம், எத்தனை மணிக்குப் போயி எத்தனை மணிக்குத் திரும்புவாங்க, கூட எந்த டீச்சர், கழிப்பறை எங்க, ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம். இதுக்கு எழுத்துல பதில் குடுக்க முடியாத டிபார்ட்மெண்ட் மேல கோபப்படுங்க, உங்க பிள்ளைய மட்டும் நிறுத்தி வைக்காதீங்க. கழிப்பறை விஷயம் யாரும் வாயத் திறந்து பேச மாட்டாங்க, அதனாலயே பிள்ளைங்க காலையில இருந்து தண்ணி குடிக்காம ஃபீல்டுக்கு வந்து மயங்கி விழுறாங்க. போறதுக்கு முன்னாடியே பக்கத்துல பள்ளிக்கூடமோ பஞ்சாயத்து ஆபீசோ பேசி வெக்கிறது ஆசிரியரோட வேலை.

மத்தபடி பாதுகாப்பு விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். முழங்காலுக்கு மேல கடல்ல எறங்கக் கூடாது, அளவுக்காகக் கூட. இடி மின்னல் தெரிஞ்சா குச்சியக் கீழ போட்டுட்டுக் கட்டடத்துக்குள்ள போயிடணும். கிணத்துக்குள்ள யாரும் எறங்கவே கூடாது, பாழடைஞ்ச கிணத்துல மூச்சுக்குக் காத்து இருக்காது. மே மாச ஃபீல்டு காலையில பத்து மணிக்குள்ள முடியணும்.

லேப் வேலை என்ன இருக்கும்?

மணல காய வெச்சு, கூம்பாக் குவிச்சு நாலாப் பிரிச்சு எதிரெதிர் பங்க எடுத்து நூறு கிராம் ஆக்கி, சல்லடை அடுக்குல பதினஞ்சு நிமிஷம் குலுக்கணும். நம்ம கிட்ட சல்லடை இல்லன்னா சிவில் டிபார்ட்மெண்ட் இருக்கிற காலேஜ்ல கேட்டாக் குடுப்பாங்க. ஃபோக், வார்டு ரெண்டு பேரும் 1957-ல குடுத்த ஃபார்முலாவ வெச்சு சராசரி அளவு, சார்ட்டிங் (மணல் எவ்வளவு தூரம் ஒரே அளவா இருக்குங்கிறது) எல்லாம் கையால ஒரு தடவ கணக்குப் போடச் சொல்லுங்க, அப்புறம் எக்செல்ல போடட்டும், நேரா எக்செல்ல போட்டா நம்பர் வரும் அர்த்தம் வராது.

கன மினரல் பிரிக்க ப்ரோமோஃபார்ம்ங்கிற கனமான திரவம் பயன்படுத்தணும்னு பழைய மேனுவல்ல இருக்கும். அது உடம்புக்குக் கெடுதல், ஃப்யூம் ஹுட் இல்லாத லேபுல பாட்டிலத் தெறக்கவே வேண்டாம். அரிசியில கல்லு அரிக்கிற மாதிரி ஒரு தட்டுல தண்ணி விட்டு அரிச்சாலே கருமணல் அடியில நின்னுடும், பி.எஸ்சி அளவுக்கு அது தாராளம். தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி கரையில சாம்பிள் எடுக்குறவங்க காலேஜ் லெட்டர் கையில இல்லாம போகாதீங்க. தாதுமணல் அங்க பெரிய பிரச்சினையான விஷயம், மோனசைட்டு அணுசக்தி சட்டத்துக்குள்ள வர்ற மினரல், அரைக் கிலோ பை வெச்சிருந்தாலும் கேள்வி வரும்.

மார்க்குக்காக பசங்க டேட்டாவ அட்ஜஸ்ட் பண்ணிடுறாங்களே?

பண்ணுவாங்க, ஏன்னா சின்ன வயசுல இருந்து ப்ராக்டிகல்ல "சரியான ஆன்சர்" வந்தாத்தான் மார்க்குன்னு நாமதான் பழக்கியிருக்கோம். இத மாத்த எனக்குத் தெரிஞ்ச ஒரே வழி, அளவுல எவ்வளவு முன்ன பின்ன இருக்குன்னு கண்டுபிடிச்சுச் சொல்றதுக்கு மார்க் குடுக்குறது. ஒரே நாள், ஒரே கோட்ட ரெண்டு குழு தனித்தனியா அளக்கட்டும், ஒருத்தர் நோட்ட ஒருத்தர் பாக்காம. ரெண்டுக்கும் நடுவுல அஞ்சு சென்டிமீட்டர் வித்தியாசம் வருதுன்னு வெச்சுக்கங்க, அப்ப போன மாசத்துக்கும் இந்த மாசத்துக்கும் மூணு சென்டிமீட்டர் மணல் கொறஞ்சுதுன்னு நீங்க சொல்லவே முடியாது, அரை மீட்டர் கொறஞ்சா தைரியமா சொல்லலாம். இத ஒரு தடவ புரிஞ்சுக்கிட்ட பிள்ளை அப்புறம் எந்தப் பத்திரிகை நம்பரப் பாத்தாலும் "இதுல எவ்வளவு முன்ன பின்ன"ன்னு கேக்கும். நோட்டுல பேனாவால எழுதணும், தப்பா எழுதினா ஒத்தக் கோடு போட்டு அடிச்சுட்டு பக்கத்துல எழுதணும், பக்கத்தக் கிழிக்கக் கூடாது. தமிழ்ல எழுதினாலும் சரி, இங்கிலீஷ்ல எழுதினாலும் சரி, ஃபீல்டுலயே எழுதணும், ரூமுக்கு வந்து இல்ல.

ரிப்போர்ட்ட சாட்ஜிபிடி வெச்சு எழுதலாமா?

இலக்கணத்த சரி பாக்க வெச்சுக்கோங்க, பைத்தான் கோடு புரியலன்னா கேளுங்க. ஆனா அந்தக் குழியில எத்தனாவது அடுக்குல கருமணல் இருந்துச்சுன்னு அதுக்குத் தெரியாது. வைவாவுல நான் ரிப்போர்ட்டத் தெறக்கவே மாட்டேன், ஃபீல்டு நோட்டத்தான் தெறப்பேன்.

ஒரே செமஸ்டர்ல என்ன முடிவு சொல்ல முடியும்?

தனியா ஒண்ணும் சொல்ல முடியாது, அதுதான் உண்மை. ஆறாவது செமஸ்டர் ப்ராஜெக்ட்னா டிசம்பர்ல ஆரம்பிச்சு ஏப்ரல்ல முடியும், அதுக்குள்ள மழைக்காலம் போயிருக்கும். மணல் போனத பாக்காம திரும்பி வர்றத மட்டும் பாப்பீங்க. அதனாலதான் பேட்ச் பேட்சா கை மாத்தணும்னு சொல்றேன். ரெண்டாம் வருஷப் பசங்க மூணாம் வருஷப் பசங்களோட போகணும், அதே புள்ளி, அதே குச்சி, அதே திசை. ஃபோன் ஜிபிஎஸ் நாலஞ்சு மீட்டர் தள்ளிக் காட்டும், அத நம்பி ஆரம்பப் புள்ளியத் தேடாதீங்க, புள்ளிய மூணு பக்கத்துல இருந்து ஃபோட்டோ எடுத்து வழியோட எழுதி வைங்க. டேட்டா ஷீட்டு டிபார்ட்மெண்ட் மெயில் ஐடியில இருக்கணும், ஒரு பையனோட லேப்டாப்ல இருக்கக் கூடாது. ஒவ்வொரு பேட்சும் தன் முன்னோர் அளவ எல்லாம் ஒரே கிராஃப்ல போட்டு அதுல தன்னோட கோட்டையும் சேத்தாத்தான் ப்ராஜெக்ட் முடிஞ்சதா அர்த்தம். முதல் பேட்சுக்கு ஒரு கோடு மட்டும்தான் கிடைக்கும், பாவம், ஆனா அவங்க இல்லாம மத்தவங்க யாருக்கும் ஒப்பிட ஒண்ணும் இருக்காது.

காசு?

குச்சி, கயிறு, பை எல்லாம் டிபார்ட்மெண்ட் சில்லறைச் செலவுப் பணத்துலயே முடியும். ஈசி மீட்டர் மாதிரி ஏதாவது வாங்கணும்னா தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் ப்ராஜெக்டுக்குன்னு ஒரு உதவித் திட்டம் வெச்சிருக்காங்க, யார் யார் போடலாம்னு காலேஜ் வழியா கேட்டுப் பாருங்க. தனியா கோடையில பெரிய லேபுல போய் வேலை பாக்க ஆசைன்னா இந்திய அறிவியல் அகாடமிகள் மூணும் சேந்து நடத்துற கோடைக்கால ஆராய்ச்சி ஃபெல்லோஷிப் இருக்கு. அதுக்கு எழுதுற பக்கத்துல "எனக்கு ஆர்வம் அதிகம்"னு எழுதுறதவிட "நான் இந்தக் கோட்ட எட்டு மாசம் அளந்தேன், எனக்கு இது புரியல"ன்னு எழுதினா படிக்கிறவங்க நிமிர்ந்து உக்காருவாங்க.

பேப்பர் போடணுமா? வேலைக்கு உதவுமா?

காசு கட்டினா ஒரு வாரத்துல போடுறோம்னு மெயில் வரும், அந்தப் பக்கம் போகாதீங்க, பின்னாடி அது உங்க பேருக்கே கெடுதல். நாலஞ்சு வருஷ டேட்டா சேந்த பிறகு ஒழுங்கா ஒரு கட்டுரை எழுதலாம், அப்ப அளந்த பசங்க பேரும் அதுல வரணும். டிகிரி முடிச்சுப் போயிட்டாங்கங்கிறது பேர விடுறதுக்குக் காரணம் ஆகாது.

வேலைன்னா, ஜிஎஸ்ஐலயும் (இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனம்) நிலத்தடி நீர் வாரியத்துலயும் ஜியாலஜிஸ்டா போக யுபிஎஸ்சி ஜியோ சயின்டிஸ்ட் எக்ஸாம் எழுதணும், அதுக்கு எம்.எஸ்சி வேணும், எம்.எஸ்சிக்கு நல்ல எடத்துல சேர ஜாம்ங்கிற நுழைவுத் தேர்வு எழுதணும். எக்ஸாமுக்குப் படிக்கிறது தனி உழைப்பு, ஃபீல்டு வேலை அதுக்கு மாத்து இல்ல. ஆனா இன்டர்வியூல "நீ என்ன பண்ணினே"ன்னு கேக்கும்போது தன் கையால அளந்த பிள்ளை பேசுற விதமே வேற.

இந்த வருஷமே ஆரம்பிக்கணும்னா எப்ப, எங்க இருந்து?

காலேஜ் தெறந்து அட்மிஷன் சந்தடி அடங்கினதும் ஜூலை கடைசியில எடத்தப் பாத்து புள்ளி வைங்க. ஆகஸ்ட்ல பசங்க தப்பும் தவறுமா ரெண்டு தடவ அளந்து பழகட்டும், அந்த டேட்டாவ கணக்குல சேக்க வேண்டாம். செப்டம்பர் அளவுதான் உங்க அடிப்படை அளவு, அக்டோபர் நடுவுல பருவமழை தொடங்குறதுக்கு முன்னாடி அது கையில இருந்தே ஆகணும். அதுக்கப்புறம் மாசத்துக்கு ஒரு தடவ, அமாவாசை பௌர்ணமி ஒட்டி கடல் நல்லா வத்துற நாள் பாத்து. புயல் வந்துச்சுன்னா எச்சரிக்கையெல்லாம் விலகின பிறகு கூடுதலா ஒரு தடவ. கிணறு பாக்குறவங்களுக்கு ஆகஸ்ட், நவம்பர், ஜனவரி, மே. மே மாசம் லீவு, அதனால யார் வருவாங்கன்னு ஏப்ரல்லயே பேர் எழுதி வாங்கிடுங்க, உள்ளூர்ப் பசங்க ரெண்டு பேர் இருந்தாலே போதும்.